கதையில் முரண் எங்கே இருக்கிறது?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாமல் கூடுவது எளிய செயலன்று. மழை பெய்தாலும், வந்தவர் ஐவரே ஆனாலும், கூட்டம் நடந்தே தீரும் என்று பாய் விரித்துக் காத்திருந்தவர்களால்தான் இந்த விழா இன்று கைகூடியிருக்கிறது. அவர்களை வணங்கிவிட்டு என் பொருளுக்குள் நுழைகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'கதைகளில் முரண்' என்பது. இந்த அவையில் கவிஞர்களே மிகுதி. ஆதலால் முரண் என்றவுடன் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது தொடையாகத்தான் இருக்கும். மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று விரல்விட்டு எண்ணிப் பழகியவர்கள் நீங்கள். சொல்லாலும் பொருளாலும் ஒன்றோடொன்று மாறுபடத் தொடுப்பதைத் தொல்காப்பியர் முரண் என்றார். கருமைக்கு எதிரே வெண்மையையும், நெருப்புக்கு எதிரே நீரையும் நிறுத்துகிறோம். அடியில் ஒரு முறுக்கு ஏறுகிறது. கதையில் வரும் முரணும் இதன் உடன்பிறப்புத்தான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளில் எதிர் எதிராக நிறுத்திய இரண்டும் நின்றபடியே நிற்கலாம்; அழகு கெடாது. கதையில் அவை நிற்க முடியாது. யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும். செய்தபின் எதையோ இழந்தாக வேண்டும். இழப்பு இல்லாத இடத்தில் சச்சரவு இருக்கலாம், முரண் இருக்காது என்பது என் துணிபு.

கல்லூரிகளில் இதனை வகைப்படுத்திக் கற்பிக்கிறார்கள். மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனிதனுக்கும் சமூகத்துக்கும், மனிதனுக்கும் ஊழுக்கும், மனிதனுக்கும் அவன் உள்ளத்துக்கும் என்று ஐந்தாகப் பிரிப்பர். சிலர் எந்திரத்தையும் சேர்த்து ஆறாக்குவர். தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு இது போதும். மளிகைக் கடையில் பருப்புக்கு ஒரு டப்பாவும் மிளகுக்கு ஒரு டப்பாவும் இருப்பதுபோலப் பெயர் எழுதி வைத்துக்கொள்ள உதவும். சமையலை டப்பா செய்வதில்லை. எந்த நல்ல கதையையும் எடுத்து இந்த ஐந்தில் ஒன்றில் அடைக்க முயன்றுபாருங்கள். ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

வகைப்பாட்டால் ஒரு தீமையும் உண்டு. புதிதாக எழுதுவோர் முதல் வகையைப் பிடித்துக்கொண்டு விடுகிறார்கள். மீசை முறுக்கிய பண்ணையார், கொடுமைக்கார மாமியார், கையூட்டு வாங்கும் அதிகாரி என்று யாரையேனும் ஒருவரை எதிரே நிறுத்திவிட்டால் கதை தானே நடக்கும் என்று எண்ணுகிறார்கள். எதிரியை வெளியே நிறுத்திவிட்டால் எழுதுகிறவன் பத்திரமாக இருக்கிறான். படிக்கிறவனும் பத்திரமாக இருக்கிறான். இருவரும் சேர்ந்து பண்ணையாரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முதியோர் இல்லத்தில் தாயை விட்டுவரும் மகனைப் பற்றிய கதையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஒவ்வொரு முறையும் மகன் கல்நெஞ்சன். மருமகள் அவனினும் கல்நெஞ்சு. தாய் கண்ணீரோடு அவர்களை வாழ்த்துகிறாள். கேட்டவர்கள் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலில் எனக்கு ஐயம் உண்டு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நம் முன்னோர் இதனை எப்படிக் கையாண்டனர் என்று பார்ப்போம். நற்றிணையில் 284ஆம் பாடல், பாலைத்திணை. பொருள் தேடப் பிரிந்து சென்ற ஒருவன், போன காரியம் முடியாத நிலையில் இடைவழியில் தன்னோடு தானே பேசுகிறான். நெஞ்சு அவளிடம் திரும்பிப் போவோம் என்கிறது. அறிவு, எடுத்த வினையைப் பாதியில் விடுவது இழிவு, சற்றுப் பொறு என்கிறது. இரண்டு யானைகள் இரு முனையையும் பற்றி இழுக்கும் நைந்த பழங்கயிற்றைப்போல என் உடம்பு இற்றுப் போகுமோ என்று அவன் கலங்குகிறான். இந்த உவமையின் சிறப்பால் அந்தப் புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே பெயர் நின்றுவிட்டது. சொந்தப் பெயர் மறைந்து உவமையே பெயராகிவிட்ட பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? கவிஞர்கள் பொறாமைப்படலாம்.

இதில் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறு. இழுப்பவை இரண்டுமே யானைகள். ஒன்று யானை, மற்றொன்று ஆடு என்று அவர் சொல்லவில்லை. அவள்மீது கொண்ட காதலும் பெரிது. வினையை முடிக்கும் கடமையும் பெரிது. ஒரு பக்கம் வலுக்குறைந்தால் கயிறு அந்தப் பக்கமாக இழுபட்டுப் போகும், அறாது. வலிமை ஒத்திருப்பதால்தான் கயிறு இற்றுவிடும் நிலைக்கு வருகிறது. அந்தக் கயிறும் புதுக்கயிறு அன்று. பலநாள் உழைத்துத் தேய்ந்தது. உள்ளத்து முரணைப் பற்றி இதைவிடச் செறிவாக ஒரு பாடத்தை நான் கண்டதில்லை. எல்லாம் ஒரு சிறு பாட்டுக்குள்!

இப்போது முதியோர் இல்லத்துக் கதைக்கு வருவோம். அந்த மகன் கல்நெஞ்சனாக இருந்தால் அங்கே ஒரு யானைதான் இருக்கிறது. அவனுக்குத் தாயும் வேண்டும், வீட்டில் நோயுற்ற குழந்தையும் இருக்கிறது, மனைவி வேலைக்குப் போகாமல் அடுப்பு எரியாது என்று வைத்துப் பாருங்கள். அவன் தாயை விட்டுவிட்டு வந்தாலும் இழக்கிறான். விடாமல் இருந்தாலும் இழக்கிறான். அப்போது கேட்பவன் கைதட்ட மாட்டான். தன் வீட்டை நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பான்.

காப்பியத்துக்குப் போவோம். சிலப்பதிகாரத்தின் முரண் எந்த வகை? கண்ணகிக்கும் பாண்டியனுக்கும் என்போம். வழக்குரை காதையை மீண்டும் படித்துப் பாருங்கள். அவ்விருவரும் உண்மையில் எதிர் எதிராக நிற்கிறார்களா? அவள் கேட்பது நீதி. அவன் தன் உயிரினும் பெரிதாக மதிப்பதும் அதே நீதி. அரசியின் சிலம்பில் முத்து; இவள் சிலம்பில் மாணிக்கம். பரல் தெறித்த அந்தக் கணத்தில் வாதிட ஒன்றுமில்லை. அவன் தன்னைத் தானே குற்றவாளி என்று தீர்ப்பளித்து வீழ்கிறான். ஆக, பாண்டியனுடைய எதிரி கண்ணகி அல்லள். சில நாழிகைக்கு முன்பிருந்த பாண்டியன்தான். ஊடிச் சென்ற தேவியைத் தணிக்கும் விரைவில், ஆராயாமல் ஒரு சொல் சொன்னானே, அவன்தான். அரசனும் அரசனும் மோதிக்கொண்டதில் இருவருமே அழிந்தார்கள்.

பொய் சொன்ன பொற்கொல்லன் இருக்கிறானே என்பீர்கள். இருக்கிறான். இன்றைய தொடர்கதைக்காரர் கையில் அவன் கிடைத்திருந்தால் இருபது வாரம் ஓட்டியிருப்பார். இளங்கோவடிகள் அவனுக்கு வேண்டிய அளவுக்குமேல் இடம் தரவில்லை. தீயவன் ஒருவன் கதையைத் தொடங்கிவைக்கலாம். கதையின் சுமையைத் தாங்கும் தகுதி அவனுக்கு இல்லை என்று அவர் கருதியதாகவே எனக்குப் படுகிறது.

ஊழ் என்ற வகையையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஊழ் என்னும் குரல் காப்பியத்தில் முன்பே ஆங்காங்கே ஒலிக்கிறது. ஆனால் கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரில் இருந்து சங்கமன் என்னும் வணிகனைக் கொலைப்படுத்தியதையும், அவன் மனைவி நீலியின் சாபத்தையும் மதுராபதித் தெய்வம் விரித்துச் சொல்வது எப்போது? மதுரையைத் தீ உண்ணத் தொடங்கிய பிறகு. இந்த விளக்கத்தை முன்னரே தந்திருந்தால் நாம் மனத்தைத் தேற்றிக்கொண்டு படித்திருப்போம். அடிகள் நம்மைத் தேற்றிக்கொள்ள விடவில்லை. தெய்வம் சொல்லும் காரணத்தை என் அறிவு ஏற்கிறது. நெஞ்சு இன்றுவரை ஏற்கவில்லை. ஊழை எதிரியாக வைத்து எழுதுவோர், அதை எந்த இடத்தில் சொல்வது என்பதை இதிலிருந்து கற்கலாம்.

கம்பரிடமிருந்து ஒன்றே ஒன்று. போர்க்களத்தில் கும்பகருணனைத் தேடி வீடணன் வருகிறான். இராமன் பக்கம் வந்துவிடு என்று அழைக்கிறான். கும்பகருணன், சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு முன்பே அறிவுரை சொன்னவன்; அறம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்; தான் சாகப்போவதும் தெரியும். இருந்தும், வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பிய அண்ணனுக்காக உயிர் தருவதே தன் வழி என்று சொல்லித் தம்பியை மார்புறத் தழுவி அனுப்பி வைக்கிறான். அறத்துக்காக உறவைத் துறந்தவன் ஒருவன். உறவுக்காக அறத்தின் பயனைத் துறந்தவன் மற்றவன். இவர்களுள் யார் பிழை செய்தவர்? கிரேக்க நாடகமாகிய ஆன்டிகனியைப் பற்றி எகல் என்னும் செருமானிய அறிஞர், இரு நியாயங்களின் மோதலே உயர்ந்த துன்பியல் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். அந்த நாடகத்தைப் படிக்காதவர்களும் கும்பகருணன் வதைப் படலத்தைப் படித்தால் அவர் சொல்வது விளங்கிவிடும். பட்டிமன்றத்தில் இதை இரண்டாகக் கிழித்து அணிபிரிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

இனித் தற்காலத்துக்கு வருகிறேன். கி. ராஜநாராயணனின் 'கதவு' உங்களில் பலர் படித்த கதை. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். குழந்தைகள் ஏறி நின்று பஸ் விட்டு விளையாடிய கதவு அது. வாடைக் காற்றுக்குத் தடுப்பில்லாமல் போகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பாடநூல் வகைப்படி இது மனிதனுக்கும் அரசுக்கும் இடையிலான மோதல்தானே? ஆனால் அரசு எங்கே வருகிறது? தலையாரி ஒருவர் வருகிறார். தமக்கு இட்ட வேலையைச் செய்துவிட்டுப் போகிறார். கி.ரா. யாரையும் திட்டவில்லை. குழந்தைகளின் விளையாட்டிலேயே கதை தொடங்குகிறது. தொலைந்த கதவைக் கண்டுபிடித்துக் குழந்தைகள் கட்டிக்கொள்வதில் முடிகிறது. அவர்களுக்கு அது சொத்து அன்று, தோழன். அரசின் கணக்கேட்டில் அது பாக்கிக்கு ஈடு. ஒரே மரப்பலகை இரண்டு கணக்கில் இரண்டு பொருளாக இருக்கிறது. முரண் அந்தப் பலகையில் இருக்கிறது.

வண்ணநிலவனின் 'எஸ்தர்' இன்னும் கடினமான கதை. பஞ்சம். ஊர் காலியாகிக்கொண்டிருக்கிறது. குடும்பம் பிழைக்கப் போக வேண்டும். நடக்க முடியாத பாட்டியை என்ன செய்வது? மேலெழுந்தவாரியாக இது இயற்கையோடு நடக்கும் போராட்டம். எர்னஸ்ட் ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட 'கிழவனும் கடலும்' நாவலில் மீன் இருக்கிறது, கடல் இருக்கிறது. கிழவன் கயிற்றை இழுக்கிறான், சுறாக்களை அடிக்கிறான். எதிரே ஒன்று தெரிகிறது. பஞ்சத்துக்கு முகம் இல்லை. எதை அடிப்பது? ஆகவே அந்தப் போராட்டம் மெல்ல வீட்டுக்குள் நுழைந்து, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் எஸ்தருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆசிரியர் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. பாட்டி எப்படி இறந்தாள் என்பதை வாசகன் தானே ஊகித்துக்கொண்டு நடுங்க வேண்டும். வெளியே தொடங்கிய முரண் உள்ளே புகுந்த அந்த வாசலை எந்த வகைப்பாட்டிலும் காட்ட இயலாது.

வகையைவிட இடம் முக்கியம் என்று நான் சொல்வதற்கு எல்லாவற்றிலும் தெளிவான சான்று ஜெயகாந்தனிடம் இருக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் பேருந்துக்காகக் காத்திருந்த கல்லூரி மாணவியைக் காரில் ஏற்றிச் சென்ற ஒருவன் கெடுத்துவிடுகிறான். அவள் வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு அக்கம்பக்கத்தார் அறியாதபடி மறைத்துவிட்டு, மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ தூய்மையாகிவிட்டாய் என்ற பொருள்படப் பேசுகிறாள்.

இந்தக் கதையின் தலைமைப் பாத்திரம் யார்? காரில் வந்தவன் அல்லன். அந்தப் பெண்கூட அல்லள் என்று சொன்னால் சிலர் சினங்கொள்ளக்கூடும். தலைமைப் பாத்திரம் தாய். ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சம் ஒரு யானை. மகள் என்னும் பாசம் இன்னொரு யானை. அந்த அலறலுக்கும் அந்தத் தண்ணீர்க் குடத்துக்கும் இடையே உள்ள சில நிமிடங்களில்தான் கதை நடக்கிறது. மற்றவையெல்லாம் அதற்குப் போகும் வழி.

கதை வெளிவந்ததும் வாசகர்களிடையே பெரும் சர்ச்சை எழுந்தது. ஒரு தாய் அப்படிச் செய்வாளா, செய்யலாமா என்று பலர் பதறினார்கள். பிறகு ஜெயகாந்தன் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, தாய் அலறிய இடத்தில் கதையைத் திருப்பிவிட்டார். அந்த அலறல் வெளியே கேட்டுவிடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். கங்கா படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள். ஆனால் அந்த ஒரு மாலைப்பொழுதின் நிழலிலேயே வாழ்கிறாள். அவள் தன் வாழ்க்கையை ஒத்த ஒரு கதையைப் பத்திரிகையில் படிப்பதாகவும், அது 'அக்கினிப் பிரவேச'மே என்றும் அமைத்தாரே, அது ஆசிரியர் தம் வாசகர்களோடு நடத்திய வழக்காடல். அந்த நாவலுக்கு 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது.

நிகழ்ச்சி ஒன்று, காரும் மழையும் ஒன்று. சிறுகதையில் முரண் தாயின் நெஞ்சில் தோன்றி அங்கேயே தீர்ந்தது. நாவலில் தாய் தோற்றாள். அவள் சுமக்க மறுத்த பாரம் மகளின் தலையில் ஆண்டுக்கணக்காக ஏறிக்கொண்டது. ஒருவர் உள்ளத்தில் தீராத முரண் மற்றவர் வாழ்க்கையில் போய் விழுகிறது என்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டிய இரட்டைப் படைப்பு தமிழில் வேறு இருப்பதாக நான் அறியேன். நீங்கள் எழுதிய ஒரு கதை சரியாக வரவில்லை என்று தோன்றினால், நிகழ்ச்சியை மாற்றாதீர்கள். முரணை வேறொருவர் நெஞ்சுக்கு மாற்றி எழுதிப் பாருங்கள்.

முரணே இல்லாமல் கதை எழுத முடியாதா என்று நண்பர் ஒருவர் காலையில் கேட்டார். முடியும். சீனத்து நான்கடிக் கவிதை அமைப்பிலிருந்து யப்பானியர் எடுத்துக்கொண்ட ஒரு முறை உண்டு: தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. அங்கே யாரும் யாரோடும் மோத வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. மூன்றாம் பகுதியில் தொடர்பற்றதுபோல ஒன்று வந்து நிற்கும். நான்காம் பகுதியில் இரண்டும் ஒரே காட்சியாகிவிடும். ஐக்கூ எழுதும் நண்பர்களுக்கு இந்தச் சுவை பழக்கமானது. ஆனால் அந்தத் திருப்பத்திலும் இரண்டு பொருள்கள் எதிரெதிரே வைக்கப்படுவதால்தான் அது சுடர்கிறது என்பேன். அது நம் தொடை முரணுக்கு நெருக்கம். ஆகவே முரண் போகவில்லை, மோதல்தான் போயிருக்கிறது.

நேரம் மிகுந்துவிட்டது. புதுமைப்பித்தனைச் சொல்லாமல் இறங்கினால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். 1943இல் வந்த 'சாப விமோசனம்'. இராமனின் பாதத் தூளியால் உயிர்பெற்ற அகலிகை கோதமனோடு வாழ்கிறாள். இருவருமே நல்லவர்கள், ஒருவரை ஒருவர் நோகச்செய்யக் கூடாது என்று கவனமாகவே இருக்கிறார்கள். அந்தக் கவனமே அவர்களுக்கிடையே ஒரு சுவராகிவிடுகிறது. பதினான்கு ஆண்டு கழித்துச் சீதை வருகிறாள். இராமன் தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள். அகலிகைக்குப் பொறுக்கவில்லை.

இங்கே யாருக்கும் யாருக்கும் முரண்? அகலிகைக்கும் கோதமனுக்கும் அன்று. சீதைகூட இராமனைக் குறை கூறவில்லை. ஓர் இராமன் அகலிகையை மன்னித்தான்; ஓர் இராமன் சீதையைத் தீயில் இறக்கினான். இரண்டும் நாம் காலங்காலமாகத் தனித்தனியே கேட்டுப் பழகிய கதைகள். தனித்தனியே கேட்டவரை நமக்குச் சங்கடம் இல்லை. அவ்விரண்டையும் இரண்டு பெண்களின் பேச்சில் புதுமைப்பித்தன் அருகருகே வைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. நமக்குள் பலகாலம் சண்டையில்லாமல் குடியிருந்த இரண்டு நம்பிக்கைகள் திடீரென்று ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. அந்தக் கதையில் முரண் இருக்குமிடம் வாசகனுடைய நெஞ்சு.

அகலிகை மீண்டும் கல்லாகிறாள். முதன்முறை கோதமனுடைய சாபத்தால் கல்லானாள். இரண்டாம் முறை சாபமிட்டவர் யார்? கோதமன் இல்லை, இந்திரன் அந்தக் காட்சியிலேயே இல்லை. அவளே தேர்ந்துகொண்டாளா, அன்றி மனம் இறுகி இறுகி உடலும் இறுகிப்போயிற்றா? அது அவளுடைய தோல்வியா, மறுப்பா? எத்தனையோ முறை படித்தும் எனக்கு இதில் ஒரு முடிவு கிட்டவில்லை. இனி வரும் கலந்துரையாடலில் உங்களுள் யாரேனும், குறிப்பாக இந்த வட்டத்துப் பெண் கவிஞர்கள், இதைப்பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.